ஊழியருக்குச் சைக்கிள் கொடுக்கும் வன்னி முதலாளிக்கு ஒரு வரிக் கணக்கு

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ அரிசி ஆலை, கடை, சிறு தொழிற்சாலை நடத்துபவர்களுக்கான விளக்கம் இது. “இங்கே கம்பனியே சைக்கிள் தருகிறது, வரியும் குறைகிறது” என்று லண்டன் உறவினர் சொன்னதைக் கேட்டு, அதையே இங்கும் செய்ய நினைக்கிறீர்களா? அப்படியே செய்தால் ஊழியருக்கு நட்டம்.

பிரிட்டனில் 1999 முதல் நடக்கும் திட்டத்தில் முதலாளி வாங்கும் சைக்கிளை ஊழியர் பாவிக்கிறார். பதிலுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார். சம்பளம் குறைவதால் அவருடைய வரி குறைகிறது. இலங்கையில் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய், அதாவது மாதம் 150,000 ரூபாய் வரையான வருமானத்துக்கு வரியே இல்லை. ஆலையில் மூட்டை தூக்குபவருக்குக் குறைக்க வரி ஏது? சம்பளம் குறைந்தால் அவருடைய ஊழியர் சேமலாப நிதிதான் குறையும்: அதற்குச் சம்பளத்தில் அவர் பங்கு 8%, உங்கள் பங்கு 12%. ஆகவே அடிப்படைச் சம்பளத்தைத் தொடாதீர்கள்.

படி 1: உங்கள் வரி நிலையைப் பாருங்கள். பதிவுசெய்த கம்பனி என்றால் பொதுவான வரி வீதம் 30%. தனி உரிமையாளராக இருந்து ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால் உங்களுக்கும் வரி இல்லை. சைக்கிள் கொடுப்பது நல்ல காரியம், வரிக்காக அல்ல.

படி 2: எந்த வழியில் கொடுப்பது என்று தீர்மானியுங்கள். இதில்தான் பலர் குழம்புகிறார்கள். சைக்கிளை ஊழியருக்கே சொந்தமாகக் கொடுத்தால் அது ஊழியருக்கான செலவு. வியாபார வருமானத்திலிருந்து கழிக்கலாம். விலை 45,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கம்பனிக்கு வரியில் 13,500 ரூபாய் குறையும். உண்மையில் கையை விட்டுப் போவது 31,500. வியாபாரத்தின் பெயரில் வைத்துக்கொண்டால் அது சொத்து. முழு விலையையும் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. முற்பணமாகக் கொடுத்துத் தவணையில் திரும்ப எடுத்தால் அது கடன், செலவே அல்ல. தவணையைச் சம்பளத்தில் கழிக்க ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், சொந்தமாகக் கொடுப்பதே மேல். தன்னுடைய வண்டி என்றால்தான் ஆள் எண்ணெய் விடுவார்.

படி 3: பராமரிப்பை மறக்காதீர்கள். ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கிரவலும் முள்ளும்தான். ரயர், ரியூப், ஒட்டுப்போடும் கூலி ஆகியவற்றுக்கு மாதக் கொடுப்பனவு ஒன்றைத் தனிப் பதிவாகச் சம்பளப் பட்டியலில் எழுதுங்கள். காற்றடிக்கும் பம்ப் சாதாரணச் செலவு. நிரந்தரக் கொட்டகை கட்டினால் அது கட்டட வகைக்குள் போகும். அந்தச் செலவு 20 ஆண்டுகளுக்குப் பங்கிட்டே கழிக்கப்படும்.

படி 4: பற்றுச்சீட்டு. கடையின் பெயர், திகதி, சைக்கிள் சட்டகத்தில் பொறித்திருக்கும் இலக்கம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு கடிதம், அதில் அவருடைய கையொப்பம். துண்டுக் கடதாசியில் எழுதித் தரும் கடையில் வாங்காதீர்கள்.

படி 5: கணக்கை அனுப்புங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை; வருமான விவரத்திரட்டை அதன்பின் வரும் நவம்பர் 30 க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டும். மார்ச் கடைசியில் சைக்கிள் கடைக்கு ஓடுவதை விட, காலபோக அறுவடைப் பணம் கைக்கு வரும்போதே வாங்கிவிடுங்கள்.