லினக்ஸ் கணினியில் விளையாட்டுகள்: நிறுவும் முன்பும் நிறுவிய பின்பும்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து, விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகளை வைத்திருக்கும் பலரும் லினக்ஸுக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்களில் விளையாட்டுப் பிரியர்கள் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்றுண்டு. தனியாக ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இன்று லினக்ஸில் சிக்கலின்றி ஓடுகின்றன. இணையத்தில் எதிராளிகளோடு மோதும் சில புகழ்பெற்ற விளையாட்டுகளோ எந்த வித்தை செய்தாலும் ஓடுவதில்லை. எனவே வட்டை அழிப்பதற்கு முன், நீங்கள் உண்மையில் ஆடும் விளையாட்டுகளின் பட்டியலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்த லினக்ஸ் நல்லது என்ற விவாதமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்பதைச் சற்றே தெரிந்துவைத்திருந்தால், பின்னால் வரும் பிழைகளைக் கண்டு மிரளவேண்டியிருக்காது. 1993-இல் தொடங்கிய வைன் என்ற திட்டம், விண்டோஸ் நிரல்கள் இயங்குதளத்திடம் கேட்கும் சேவைகளை லினக்ஸின் சேவைகளாக மாற்றித் தருகிறது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் அதை அடிப்படையாகக் கொண்டு 2018 ஆகஸ்டில் புரோட்டானை வெளியிட்டது. டைரக்ட்எக்ஸ் 9 முதல் 11 வரையிலான வரைகலைக் கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற வரைகலை முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே, டைரக்ட்எக்ஸ் 12-க்கான விகேடி3டி-புரோட்டான் ஆகியவை அதனுடனேயே வருகின்றன. 2022 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியும் லினக்ஸில்தான் இயங்குகிறது. சாதாரண மேசைக் கணினிக்காரர்கள் இன்று அனுபவிக்கும் வசதிகளில் பெரும்பங்கு அந்தக் கருவிக்காகச் செய்யப்பட்ட உழைப்பின் பலனே.

பட்டியலைச் சரிபார்த்தல்

ஏமாற்றுவோரைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள்தான் இங்கே முட்டுக்கட்டை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் அதைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு விளையாட்டின் தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. எல்டன் ரிங் ஈஸி ஆன்டி-சீட்டுடனேயே லினக்ஸில் இணையத்திலும் ஓடுகிறது. ஃபோர்ட்நைட்டோ ஓடுவதில்லை. இத்தனைக்கும் ஈஸி ஆன்டி-சீட்டின் உரிமையாளரும் ஃபோர்ட்நைட்டைத் தயாரிக்கும் அதே எபிக் நிறுவனம்தான்! வாலரண்ட் விளையாட்டின் ஆன்டி-சீட்டான வேன்கார்டு, விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இறங்கி வேலை செய்வதால், அந்த விளையாட்டைப் பற்றி யோசிப்பதே வீண்.

ஒருமுறை ஓடியது என்றைக்கும் ஓடும் என்று நம்பவும் இடமில்லை. ஜிடிஏ ஆன்லைன் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டதும் லினக்ஸில் நின்றுபோனது. கதைப்பகுதி மட்டும் இன்றும் ஓடுகிறது. அடுத்த மாதமே ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் லினக்ஸ் ஆட்டக்காரர்களை வெளியே தள்ளியது. உங்கள் மாலைப்பொழுதுகள் இத்தகைய ஒரு விளையாட்டிலேயே கழிகின்றன என்றால், விண்டோஸைத் தனி எஸ்எஸ்டியில் விட்டுவைப்பதே அறிவுடைமை.

சரிபார்க்க இரண்டு தளங்கள் போதும். ஆன்டி-சீட் நிலவரத்தை ‘ஆர் வீ ஆன்டி-சீட் யெட்’ தளமும், மற்ற அனைத்தையும் ‘புரோட்டான்டிபி’ தளமும் சொல்கின்றன. புரோட்டான்டிபியில் பிளாட்டினம், கோல்டு என்று தெரியும் பதக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறாதீர்கள். உங்களிடம் உள்ள கிராபிக்ஸ் கார்டையே வைத்திருப்பவர்கள் அண்மையில் எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ பட்ட பாடு இன்றைக்குப் பொருந்தாது.

எந்த லினக்ஸ், எந்த டிரைவர்

லினக்ஸ் பல பதிப்புகளாகக் கிடைக்கிறது; அவற்றில் எது சிறந்தது என்று இணையத்தில் சண்டைகளே நடக்கின்றன. அந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை நேர விரயம். கணினியை விளையாட்டுக்கென்றே ஒதுக்குபவர்களுக்கு, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட பஸ்ஸைட் பொருந்தும். ஸ்டீம் அதில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கிறது. என்விடியா கார்டுகளை இயக்கும் மென்பொருளான டிரைவரோடு கூடிய தனிப் பதிப்பும் கிடைக்கிறது. அன்றாட வேலைக்கும் அதே கணினிதான் என்றால் மின்ட், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் எதுவும் போதும். ஆனால் அண்மையில் வெளியான கார்டை வாங்கியிருப்பவர்கள், பழைய கெர்னலோடு வரும் பதிப்புகளைத் தவிர்க்கவேண்டும்.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கான டிரைவர் கெர்னலிலும் மேசா என்ற வரைகலை மென்பொருள் நூலகத்திலும் ஏற்கெனவே இருப்பதால், தனியாக எதையும் பதிவிறக்கவேண்டியதில்லை. ஏஎம்டி கார்டை 4கே 120 ஹெர்ட்ஸ் திரையுடன் இணைப்பவர்கள் மட்டும் டிஸ்ப்ளேபோர்ட் கம்பியைப் பயன்படுத்துவது நல்லது. திறமூல டிரைவரில், இத்தகைய திரைகளுக்கான ஹெச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க ஏஎம்டி முயன்றபோது, ஹெச்டிஎம்ஐ அமைப்பு 2024-இல் அதற்கு அனுமதி மறுத்துவிட்டது.

என்விடியாவுக்கு ஒரு படி கூடுதல். உபுண்டுவில் ‘கூடுதல் டிரைவர்கள்’ சாளரத்தையும், மின்டில் டிரைவர் மேலாளரையும் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறித்திருக்கும் பதிப்பைத் தேர்ந்தெடுக்கவேண்டும். கணினியில், அங்கீகரிக்கப்படாத டிரைவர்களைத் தடுக்கும் செக்யூர் பூட் பாதுகாப்பு இயங்கிக்கொண்டிருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று தோன்றி, ஏதாவது ஒரு விசையை அழுத்துமாறு கேட்டுப் பத்து விநாடிகளைக் கீழ்நோக்கி எண்ணும். விசையை அழுத்தி, ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்து, அந்தக் கடவுச்சொல்லைத் தரவேண்டும். பலர் இந்தத் திரையை ஏதோ பிழை என்று நினைத்துக் காத்திருந்து கடந்துவிடுகிறார்கள். அதன்பின் டிரைவர் ஏறாததால் விளையாட்டு நத்தை வேகத்தில் நகர, பழியோ லினக்ஸின்மேல் விழுகிறது.

இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் கொண்ட மடிக்கணினியாக இருந்தால், க்னோம் என்ற திரைமுகப்பில் ஸ்டீம் சின்னத்தை வலச்சொடுக்கி, தனி கிராபிக்ஸ் கார்டில் தொடங்கும் விருப்பத்தைத் தேர்வு செய்யலாம்.

ஸ்டீமும் புரோட்டானும்

உபுண்டுவின் மென்பொருள் கடையில் முதலில் கண்ணில்படுவது ஸ்னாப் என்ற பொதி வடிவிலான ஸ்டீம். அதைவிட, வால்வ் தன் தளத்தில் தரும் டெப் என்ற நிறுவல் கோப்பைக் கொண்டு நிறுவுவதே தொல்லை குறைந்த வழி. நிறுவியதும் அமைப்புகளில் ‘கம்பாட்டிபிலிட்டி’ பகுதிக்குச் சென்று, எல்லா விளையாட்டுகளுக்கும் புரோட்டானை அனுமதிக்கும் தேர்வு அங்கே இருந்தால் அதை இயக்கிக்கொள்ளுங்கள். இதன்பின் விண்டோஸில் செய்வதைப் போலவே ‘இன்ஸ்டால்’, ‘ப்ளே’ என்று அழுத்துவதுதான் வேலை. முதல்முறை தொடங்கும்போது ஷேடர்கள் என்ற வரைகலைச் சிறுநிரல்களைத் தயார்செய்யச் சில நிமிடங்கள் ஆகலாம். அந்தக் காத்திருப்பு பின்னால் ஆட்டம் திக்குவதைக் குறைக்கும்.

லினக்ஸுக்கென்றே வெளியான பழைய பதிப்புகள் சில, பராமரிப்பார் இன்றிக் கிடக்கின்றன. அப்படிப்பட்டவற்றுக்கு, விளையாட்டின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் புரோட்டானைக் கட்டாயமாக்கி விண்டோஸ் பதிப்பை இறக்கினால், பெரும்பாலும் அதுவே மேலாக ஓடும். எபிக், ஜிஓஜி கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் என்ற செயலியைப் பயன்படுத்துங்கள்.

ஓடாதபோது

‘ப்ளே’ பொத்தானை அழுத்துகிறீர்கள்; அது ‘ஸ்டாப்’ என மாறி, இரண்டொரு விநாடியில் மீண்டும் ‘ப்ளே’ என்றே நிற்கிறது; திரையில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை. முதலில், அந்த விளையாட்டு எந்த வட்டில் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் பயன்படுத்திய, என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமைந்த வட்டிலிருந்தே விளையாட்டுகளை ஓட்டப் பார்ப்பது, புதிதாக வருபவர்கள் பரவலாகச் செய்வது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு போலி சி டிரைவை உருவாக்கும் புரோட்டான், முக்காற்புள்ளி (:) கொண்ட பெயர்களையும், வேறு கோப்புகளைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளையும் அதற்குள் வைக்கிறது. என்டிஎஃப்எஸ் வட்டில் இவை தகராறு செய்யும். விளையாட்டுகளை, லினக்ஸின் கோப்பு முறைகளான எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் கொண்ட வட்டுக்கு மாற்றிவிடுவதே இதற்கு நிலையான தீர்வு.

விளையாட்டு தொடங்கி, அறிமுகக் காணொளி வரவேண்டிய இடத்தில் தொலைக்காட்சியின் சோதனைத் திரை போல வண்ணப் பட்டைகள் தெரிந்தால், அந்தக் காணொளியின் வடிவத்தைப் புரோட்டானால் பிரிக்க முடியவில்லை என்று பொருள். இதற்கு, வால்வுக்கு வெளியே மாற்றியமைக்கப்பட்ட புரோட்டான் பதிப்பான ஜிஇ-புரோட்டான் கைகொடுக்கும். புரோட்டான்அப்-க்யூடி செயலியால் அதை இறக்கி, ஸ்டீமை மூடித் திறந்து, அந்த விளையாட்டுக்கு மட்டும் அதைத் தேர்வு செய்தால் போதும். எல்லாவற்றுக்கும் ஜிஇ-புரோட்டானையே வைக்கவேண்டும் என்ற பரவலான அறிவுரையை நான் ஏற்பதில்லை. வால்வின் பதிப்பு ஓடும்வரை அதை மாற்றக் காரணமில்லை.

நேற்றுவரை ஓடியது இன்று நின்றால், அந்தப் போலி சி டிரைவை நீக்கிப் புதிதாக உருவாகவிடலாம். ஸ்டீமின் ‘ஸ்டீம்ஆப்ஸ்’ கோப்புறைக்குள் ‘கம்பாட்டேட்டா’ என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் விளையாட்டுகள் பெயரால் அல்ல, எண்களால் குறிக்கப்பட்டிருக்கும். எல்டன் ரிங்குக்கு உரிய எண் 1245620. மற்றவற்றின் எண்ணை, ஸ்டீம் கடையில் அவ்விளையாட்டின் பக்க முகவரியிலேயே காணலாம். சேமித்த ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கோப்புறைக்குள்ளேதான் இருக்கின்றன. கிளவுடில் சேமிக்காத விளையாட்டாக இருந்தால், கோப்புறையை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே நீக்குங்கள்.