காக்கா வடை கதையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

கதைக்கூறுகள், அதாவது ஒரு கதையை உருவாக்கும் பகுதிகள், என்றதும் பயப்பட வேண்டாம், காக்கா வடை தூக்கிய கதையை எடுங்கள். பாட்டி, காக்கா, நரி கதைமாந்தர்கள். வடைக்கடையும் மரமும் களம். இதெல்லாம் எளிது.

முரணில்தான் பலர் தடுமாறுவார்கள். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று கேளுங்கள்: நரிக்கு வடை வேண்டும், அதுவோ உச்சிக்கிளையில் காக்காவின் அலகில் இருக்கிறது, எட்டாததால் "உன் குரல் இனிமையாமே, ஒரு பாட்டுப் பாடேன்" என்கிறது நரி, காக்கா வாயைத் திறக்கிறது, அந்த நொடிதான் உச்சம்.

கருப்பொருளை, அதாவது கதை சொல்ல வரும் கருத்தை, 'ஏமாற்றம்' என்று ஒரே சொல்லில் முடிக்காமல், 'புகழ்ச்சிக்கு மயங்கினால் இருப்பதும் போகும்' என முழு வாக்கியமாக எழுதுங்கள்.

அப்புறம் நோக்குநிலை, அதாவது யாருடைய பார்வையில் கதை சொல்லப்படுகிறது என்பது. இதே கதையைப் பாட்டி சொல்வதாக எழுதிப் பாருங்கள். பாவப்பட்ட காக்கா திருட்டுக் காக்காவாகிவிடும்!