ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் விசாரிக்க வேண்டியவை

தீராத நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், குணமாகுமா என்று கேட்பதற்கு முன், எந்தச் செல், யாருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். தாமே பெருகி வேறு வகைச் செல்களாகவும் (உடல் அணுக்களாகவும்) மாறக்கூடிய இவை தமிழில் குருத்தணு என்று வழங்கும். இவை அனைத்தும் ஒரே வகை அல்ல. எலும்பு மஜ்ஜையிலும் தொப்புள்கொடி இரத்தத்திலும் உள்ள இரத்தக் குருத்தணுக்கள் இரத்த அணுக்களை உண்டாக்குபவை. 1998இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் தாம்சனின் குழு மனிதக் கருவிலிருந்து பிரித்து வளர்த்த குருத்தணுக்களோ உடலின் ஏறக்குறைய எந்த அணுவாகவும் மாறக்கூடியவை.

அறநெறிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கருத்தரித்து ஐந்தாறு நாளான கருவிலிருந்து அணுக்களைப் பிரித்தால் அந்தக் கரு அழிந்துவிடும். செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் எஞ்சிய கருக்களைத் தம்பதியர் மனமுவந்து அளித்தாலும், கருத்தரித்த கணமே உயிர் என நம்புவோருக்கு அது ஏற்புடையதாகாது. ஆய்வகத்தில் கருவை 14 நாட்களுக்கு மேல் வளர்க்கலாகாது என்ற வரம்பைப் பல நாடுகள் பின்பற்றுவதற்குக் காரணம், தலை எது, கால் எது என்று வகுக்கும் உடலின் அச்சு உருவாகத் தொடங்குவதும், ஒரு கரு இரட்டையராகப் பிரியும் வாய்ப்பு முடிவதும் ஏறத்தாழ அந்தக் கட்டத்தில்தான் என்பதே. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யாமனாக்கா எலியின் தோலணுக்களில் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அவற்றைக் குருத்தணு நிலைக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டே மனித அணுக்களிலும் அது கைகூடியது. கருவை அழிக்காமலே ஆய்வு செய்ய இதனால் வழி பிறந்தது. ஆயினும் தோலைக் கொடுத்தவரின் அணுக்களை அவர் அறியாத எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அடுத்து, உங்கள் நோயின் பெயரைச் சொல்லிச் சான்று கேளுங்கள். இரத்தப் புற்றுநோய்க்கும் சில பிறவி இரத்தக் குறைபாடுகளுக்கும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பல்லாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அதற்கு வழிவகுத்த டொனால் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. தீக்காயத்தாலோ இரசாயனத்தாலோ பாதிக்கப்பட்ட கருவிழிக்கான குருத்தணுச் சிகிச்சைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அனுமதி வழங்கியது. பார்க்கின்சன் நோய், முதல் வகை நீரிழிவு, விழித்திரைச் சிதைவு ஆகியவற்றுக்கான சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. என்றாலும் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. ஒரே ஊசி மூட்டுவலியையும் ஆட்டிசத்தையும் நீரிழிவையும் போக்கும் என்று யாரேனும் சொன்னால், அங்கேயே எழுந்துவிடலாம்.

"உங்கள் சொந்த அணுக்கள்தாம், ஆபத்தில்லை" என்ற பேச்சு என்னைப் பொறுத்தவரை மிகவும் ஏமாற்றக்கூடியது. விழித்திரைச் சிதைவு நோயுள்ள மூன்று பெண்களுக்கு, அவர்களுடைய கொழுப்பிலிருந்தே எடுத்த அணுக்கள் அமெரிக்காவில் ஒரே நாளில் இரு கண்களிலும் செலுத்தப்பட்டன. மூவரும் பார்வையைப் பெரிதும் இழந்ததை 2017இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. சிகிச்சைக்கு ஆளுக்கு 5,000 டாலர் கட்டியிருந்தார்கள். அந்தச் சிகிச்சை ஓர் ஆய்வாக அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தது என்பதை மறக்க வேண்டாம். பதிவேட்டில் பெயர் இருப்பது ஒப்புதல் ஆகாது. ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியையும், அறநெறிக் குழுவின் ஒப்புதலையும் தனித்தனியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோதனை என்று சொல்லிக்கொண்டே சிகிச்சைக்குக் கட்டணம் கேட்டால், ஐயம் கொள்ள அதுவே போதிய காரணம்.

ஒப்புதல் படிவத்தை அவசரமாகக் கையொப்பமிடாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசியுங்கள். முதல் கட்டச் சோதனை பெரும்பாலும் பாதுகாப்பை அறியவே நடத்தப்படுகிறது. அதில் பங்கேற்பவருக்குப் பலன் கிடைக்கலாம், ஆனால் அது அதன் முதன்மை நோக்கமன்று. தீங்கு நேர்ந்தால் செலவை ஏற்பது யார், எத்தனை ஆண்டுகள் கண்காணிப்பார்கள், வேறொரு சோதனையில் பின்னர் சேர இது தடையாகுமா என்பவற்றுக்குப் படிவத்தில் விடை இருக்க வேண்டும். மாத்திரையென்றால் விழுங்குவதை நிறுத்திவிடலாம். உடலுக்குள் சென்று பெருகத் தொடங்கிய அணுவைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் இயலாது. ஆகவே, சோதனையிலிருந்து விலகும் உரிமை பற்றிய பகுதியை மருத்துவரையே உரக்க வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.