ஃபிளாஸ்கில் வளரும் செல்லுக்குக் காற்று போதவில்லையா?

நித்தியகல்யாணி காலஸை (செடித் துண்டிலிருந்து வளர்த்த உருவமில்லாத செல் திரள்) திரவ மீடியத்தில், அதாவது சத்துக் கலந்த நீரில் போட்டு, ஃபிளாஸ்கை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கரில் ஏற்றி நாலே நாளில் பழுப்பேறிவிட்டதா? ஹார்மோன் அளவை மாற்றுவதற்கு முன்னால் ஃபிளாஸ்கில் எவ்வளவு ஊற்றியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 250 மில்லி ஃபிளாஸ்குக்கு 50 மில்லி போதும். ஃபிளாஸ்க் பற்றாக்குறை என்று நான் 120 மில்லி வரை ஊற்றி இரண்டு மாத உழைப்பை வீணாக்கியிருக்கிறேன். அடைப்பைத் திறந்தால் கள் மாதிரி புளித்த வாடை, ஆனால் மைக்ரோஸ்கோப்பில் பாக்டீரியாவோ ஈஸ்டோ ஒன்றுகூட இல்லை. ஆக்சிஜன் கிடைக்காத செல்லே சர்க்கரையை எத்தனாலாக மாற்றிக்கொண்டிருந்தது.

தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே கொஞ்சம்தான்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம், 35 டிகிரியில் 7. சூடு ஏற ஏற செல்லுக்கோ தேவை கூடும். சித்திரை வெயிலில் மதுரையில் கரண்ட் போய் ஏசியும் ஷேக்கரும் சேர்ந்து நின்றால், செல் எல்லாம் அரிசிமாவு மாதிரி அடியில் படிந்து, கீழே கிடப்பது முதலில் சாகும். அதனால் யுபிஎஸ் இணைப்பை முதலில் ஷேக்கருக்குக் கொடுங்கள், அதுவும் இல்லையென்றால் சில நிமிடத்துக்கு ஒருமுறை கையால் சுழற்றிவிடுங்கள்.

சரி, வேகத்தைக் கூட்டினால் காற்று கூடுமே என்று தோன்றும். கூடும்தான், ஆனால் தாவர செல் பெரியது, உள்ளே முக்கால்வாசி நீர்ப்பைதான், பாக்டீரியாவை ஆட்டுகிற 200 சுற்றில் கிழிந்துபோகலாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 சுற்றோடு நிறுத்திக்கொண்டு, மீடியத்தைக் குறைத்து மேற்பரப்பைக் கூட்டுவதுதான் நல்ல வழி.

பஞ்சு அடைப்பையும் தொட்டுப் பாருங்கள். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) நனைந்திருந்தால் காற்று உள்ளே போகாது, பூஞ்சை மட்டும் போகும். அப்புறம் கட்டிகள். மிளகு அளவுக்கு உருண்டுவிட்டால் நடுவில் இருக்கிற செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது, ஆகவே ஒவ்வொரு முறை புது மீடியத்துக்கு மாற்றும்போதும் ஆட்டோகிளேவ் செய்த ஸ்டீல் சல்லடையில் சலித்து, நுண்ணியதை மட்டும் எடுங்கள். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை 10 மில்லி பழையதை 40 மில்லி புது மீடியத்தில் விட்டால் போதும்.

ஃபிளாஸ்கை விட்டுப் பெரிய பயோரியாக்டருக்கு (காற்றைக் குழாய் வழியே செலுத்திச் செல் வளர்க்கும் தொட்டி) போகிறவர்கள் காற்றை அள்ளி விடாதீர்கள்; செல்லுக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடையும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனையும் அது அடித்துக்கொண்டு போய்விடும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 மில்லி எடுத்து, அளவுக்கோடு போட்ட குழாயில் மெதுவாகச் சென்ட்ரிஃபியூஜ் செய்து (சுழற்றி அடியில் படியவைத்து), அடியில் எத்தனை மில்லி செல் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். ஆறாம் நாளும் கோடு நகரவில்லையென்றால், பாதியை இன்னொரு சுத்தமான காலி ஃபிளாஸ்குக்கு மாற்றி இரண்டு நாள் பாருங்கள், ஹார்மோன் பாட்டிலை அதற்கப்புறம் எடுக்கலாம்.