முதல் உறைபனியில் மிளகாய்க் கன்றைக் காப்பாற்றுவது எப்படி?

ரொறன்ரோப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் மிளகாய் வைத்திருப்பவர்களுக்கு செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபர் முதல் பாதியும்தான் கவலை. கன்று முழுக்கக் காய் இருக்கும், பாதிகூடப் பழுத்திருக்காது, அதற்குள் ஒரு இரவு குளிர் இறங்கிவிடும். ஆனால் அந்த முதல் உறைபனி பெரும்பாலும் ஒன்றிரண்டு இரவோடு போய்விடும், பிறகு திரும்பவும் நல்ல வெயில் வரும். அந்த இரவுகளைத் தாண்டவைத்தால் போதும், இன்னும் சில வாரம் பறிக்கலாம். தயவுசெய்து அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள்.

1. வானிலை அறிக்கையைப் பகலிலேயே பாருங்கள். 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ், மேகமில்லை, காற்றுமில்லை என்றால் அன்றிரவே மூடவேண்டும். பூச்சியத்துக்கு மேல்தானே என்று விட்டுவிடக்கூடாது. அந்த வெப்பநிலை தரைக்கு ஒன்றரை மீற்றர் மேலே அளப்பது. தெளிந்த இரவில் நிலத்தின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடுவதால் கன்று நிற்கிற உயரத்தில் இன்னும் சில பாகை குறைந்திருக்கும்.

2. பகலிலேயே அடியில் தண்ணீர் விடுங்கள், இலையில் வேண்டாம். ஈரமண் வெயிலின் சூட்டைக் காய்ந்த மண்ணைவிட அதிகம் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும்.

3. சூரியன் மறையுமுன் மூடுங்கள். இதில்தான் பலருக்கும் பிழைக்கிறது. நாலு தடியை நட்டு, அதற்கு மேலே பழைய பெட்சீற்றையோ மெல்லிய போர்வையையோ போட்டு, ஓரம் நிலத்தில் படும்வரை இறக்கி, செங்கல்லோ கல்லோ வைத்து அமத்துங்கள். சூடு மண்ணிலிருந்துதான் வருகிறது, அதனால் துணியைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் அந்தச் சூடு உள்ளே போகவே போகாது. பிளாஸ்ரிக் மட்டும்தான் இருக்கிறதென்றால் இலையில் முட்டாமல் போடுங்கள், முட்டிய இடம் கருகிவிடும். சின்னக் கன்றுக்கு ஒரு வாளியைக் கவிழ்த்தாலே போதும்.

4. காலையில் வெயில் வந்து குளிர் விட்டதும் எடுத்துவிடுங்கள்.

சாடியில் நிற்கும் கன்றுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், இரவுக்குக் கராஜுக்குள் தூக்கி வைத்தால் சரி.

பெட்சீற் ஒன்றிரண்டு பாகைக்குத்தான் தாங்கும். மறை 3 பாகை, அதாவது பூச்சியத்துக்குக் கீழே 3, என்று அறிவித்தால் மூடுவதில் பயனில்லை, அன்று மாலையே எல்லாக் காயையும் பறியுங்கள், ஏனென்றால் உறைந்த காய் இளகி அழுகிவிடும். நிறம் மாறத் தொடங்கியது வீட்டுக்குள்ளேயே பழுக்கும். முற்றிய பச்சைக் காயை மோர்மிளகாய் போடலாம். பறிக்க நேரமில்லையா, கன்றை வேரோடு பிடுங்கி கராஜில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், அப்புறம் ஆறுதலாகப் பறிக்கலாம்.