பெரும்பனி நாட்களில் தோட்டத்துப் பறவைகள்: நாம் செய்யும் தவறுகள்

ஒரு ப்ளூ டிட் குருவியின் எடை ஏறத்தாழ 11 கிராம். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஆறரை மணி நேரம் இருந்தாலே பெரிது. அந்தப் பகலில் தின்று சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் அது இரவு முழுவதும் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறது. விடியும்போது கையிருப்பு அநேகமாகக் காலி.

பிரிட்டனில் பெரும்பனி விழும்போது பறவைகள் விறைத்துச் சாகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் இறகுகள் அருமையான போர்வை. வயிறு நிறைந்த பறவை எவ்வளவோ குளிரைத் தாங்கும். பனி செய்யும் கெடுதல் வேறு. தரையையும் கிளைகளையும் மூடி, இருக்கிற கொஞ்ச நேரப் பகலில் தீனி கிடைக்காமல் செய்துவிடுகிறது. 1962 டிசம்பர் 26-ஆம் தேதி தொடங்கிய பனி பல இடங்களில் மார்ச் ஆரம்பம் வரை கிடந்தது. 1740-க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட மிகக் குளிரான குளிர்காலம் அது. ரென் போன்ற சின்னஞ்சிறு பறவைகள் அதில் கூட்டம் கூட்டமாக அழிந்தன. ஆகவே, பறவையின் பகல் நேரத்தை வீணடிக்கிற எதுவும் பனி நாளில் தவறுதான்.

நேரம் கெட்ட நேரத்தில் தீனி

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எழுந்து, தேநீர் குடித்து, காரின் மேலிருக்கும் பனியைத் தள்ளி, அப்புறம்தான் பறவைகளின் நினைவு வரும். ராபினும் பிளாக்பேர்டும் நன்றாக விடிவதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும். மங்கலான வெளிச்சத்திலேயே இரை தேடுகிறவை அவை; ராபின் தெருவிளக்கு வெளிச்சத்திலும் மேயும். தொங்கவிடும் தீனிக் குழாய்களை முந்தைய மாலையே நிரப்பிவிடலாம். தரையில் போடுவதை மட்டும் காலையில் போடுங்கள். இரவில் போட்டால் எலியும் நரியும்தான் சாப்பிடும், லண்டனில் நரிக்குச் சொல்லவா வேண்டும்.

இரண்டாவது வேளையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மதியம் ஒன்று, இரண்டு மணி வாக்கில் மறுபடி நிரப்பினால், அடையப் போகும் முன் இரவுக்கான கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். நான்கு மணிக்கு நிரப்புவது அன்றைய இரவுக்கு உதவாது. தினமும் ஒரே நேரத்தில் வைப்பதும் முக்கியம். வழக்கமான நேரத்தில் வந்து வெறும் குழாயைச் சுற்றும் பறவைக்கு அந்தப் பறப்பே நஷ்டம். பனிக்காலத்தில் வெளியூர் போவதானால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

தீனி இருக்கிறது, எட்டவில்லை

குழாய் நிறைய விதை இருக்கும். ஆனால் கொத்தும் துளையைப் பனி அடைத்திருக்கும், அல்லது ஈர விதை உறைந்து கட்டியாகியிருக்கும். காலையில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். பிளாக்பேர்ட், டன்னாக், ராபின் எல்லாம் தரையில் மேய்கிறவை. அவற்றுக்குக் குழாயைவிட, பனி பெருக்கிய ஒரு சதுர மீட்டர் தரை பெரிய உதவி. புதர் ஓரமாகப் பெருக்குங்கள். அங்கே உதிர்ந்த இலைகளுக்கு அடியில் பூச்சி, புழு ஏதாவது இருக்கும். புதரை ஒட்டியே தீனி வைத்தால் பூனைக்கு ஒளிய இடம், நட்டநடுவில் வைத்தால் பருந்து வரும்போது பறவைக்கு ஓட இடமில்லை. இரண்டு மீட்டர் தள்ளி வைப்பது நல்ல சமரசம். கார் நிற்கும் நடைபாதையில் பனி உருக உப்பு போட்டிருந்தால் அந்தப் பக்கம் தீனி போடவே வேண்டாம்.

நம் சமையலறையிலிருந்து

ஊரில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பழகிய கை, லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் சும்மா இருக்காது. வெள்ளைச் சோறு, உப்புப் போடாமல் வடித்தது என்றால், தாராளமாக வைக்கலாம். சாம்பார் சாதம், புளியோதரை, மிக்சர் எல்லாம் கூடாது. காரத்தால் அல்ல, மிளகாயின் காரம் பறவைக்கு உறைப்பதே இல்லை. சிக்கல் உப்பில்தான். அந்தச் சின்ன உடம்பால் உப்பை வெளியேற்ற முடியாது, தண்ணீரும் உறைந்து கிடக்கிற நாளில் அது நேரடி விஷம். தயிர் சாதமும் வேண்டாம்: உப்பு இருக்கும், பிசுபிசுவென்று அலகிலும் இறகிலும் ஒட்டும். பாலோ பறவைக்குச் செரிக்கவே செரிக்காது.

பருப்பு வைப்பவர்களையும் பார்க்கிறேன். காய்ந்த துவரம்பருப்பு, பட்டாணி, பச்சரிசி ஆகியவற்றைப் புறாவும் அதுபோன்ற பெரிய பறவைகளும்தான் விழுங்க முடியும். சின்னக் குருவிகளுக்கு அதனால் லாபமில்லை. தேங்காயில் ஒரு நுணுக்கம் உண்டு. உடைத்த தேங்காய் மூடியை, உள்ளே கழுவிவிட்டு, அப்படியே கட்டித் தொங்கவிடலாம். கழுவாவிட்டால் தேங்காய்த் தண்ணீரின் இனிப்பில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் பாக்கெட்டில் வரும் உலர்ந்த தேங்காய்த் துருவல் வேண்டாம், அது வயிற்றுக்குள் போய் ஊதிவிடும்.

ரொட்டியால் கெடுதல் இல்லை, சத்தும் இல்லை. சின்ன வயிற்றை அது அடைத்துக்கொண்டால், குறுகிய பகலில் கொழுப்பு உள்ளே போக இடம் எங்கே? ஓட்ஸைச் சமைக்காமல் வையுங்கள். கஞ்சியாக்கினால் அலகைச் சுற்றி இறுகிவிடும். இறைச்சி வறுத்த தட்டில் மிஞ்சும் கொழுப்பும் சமையல் எண்ணெயும் இறகில் பட்டால், இறகுக்குத் தண்ணீர் ஒட்டாத தன்மையும் வெப்பம் காக்கும் தன்மையும் போய்விடும். சுத்தமான பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் குளிரில் கெட்டியாகவே இருப்பதால் ஏற்றவை. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவர விரும்பாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தோல் உரித்த சூரியகாந்தி விதையும் வேர்க்கடலையும் போதும். உரித்த விதை விலை கூடுதல்தான். ஆனாலும் பனி நாளில் அதைத்தான் வாங்கச் சொல்வேன், உரித்துத் தின்னும் நேரம் பறவைக்கு மிச்சம். வேர்க்கடலை உப்பில்லாததாக, பறவைத் தீனிக்கென்றே சோதித்து விற்பதாக இருக்கட்டும். அலமாரியில் பழசாகிப்போன கடலையில் பூஞ்சை நஞ்சு இருக்கலாம். கொழுப்பு உருண்டைகள் நைலான் வலையில் வந்தால் வலையை வெட்டி எறிந்துவிடுங்கள். காலோ நாக்கோ சிக்கிக்கொள்ளும்.

பழம் எல்லாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. வயல்கள் பனியில் மூடியதும் ஃபீல்டுஃபேர், ரெட்விங் போன்ற வடநாட்டு விருந்தாளிகள் நகரத்துத் தோட்டங்களுக்கு வரும். வதங்கிய ஆப்பிளைப் பாதியாக வெட்டிப் போட்டால் அவற்றுக்கும் பிளாக்பேர்டுக்கும் கொண்டாட்டம்.

தண்ணீர்

உறையாமல் இருக்க உப்போ கிளிசரினோ கார்களுக்கு ஊற்றும் திரவமோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியை எடுத்துவிட்டு, புதிதாக நிரப்புங்கள். கொதிநீர் ஊற்றினால் பீங்கான் தொட்டி விரிசல் விடும். ஒரு சின்னப் பந்தை மிதக்கவிட்டால், லேசான உறைபனியில் காற்றில் அது அசைந்து கொஞ்ச இடத்தையாவது திறந்து வைத்திருக்கும்.

தோட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஆசை

இலையுதிர் காலத்திலேயே ஐவிக் கொடியை வெட்டி, வேலிச் செடியை மழித்து, ஹாலி, பைரகாந்தா புதர்களின் பழங்களை எல்லாம் குப்பைக்கு அனுப்பிவிட்டு, ஜனவரியில் பறவைக்காகக் கவலைப்படுவது நம்மில் பலருக்கு வழக்கம். அந்தப் பழங்கள் சாப்பாடு, அந்தக் கொடி இரவுக்கான கூரை. கூடு கட்டும் பெட்டிகளையும் கழற்றி வைக்காதீர்கள். பழைய கூட்டைச் சுத்தம் செய்துவிட்டு அங்கேயே விடுங்கள். 1969-இல் நார்ஃபோக்கில் ஒரே ஒரு பெட்டிக்குள் 61 ரென் பறவைகள் ஒண்டியிருந்து ஓர் இரவைக் கழித்ததாகப் பதிவு உண்டு. இருட்டிய பிறகு, பனியின் பாரம் தாங்காமல் செடி சாய்கிறதே என்று புதர்களை உலுக்க வேண்டாம். உள்ளே அடைந்திருப்பவை இருளில் பறந்து, சேமித்த கொழுப்பை அங்கேயே செலவழித்துவிடும்.

கூட்டமும் நோயும்

பனியில் ஒரே மேசைக்கு ஐம்பது பறவை வந்தால் நமக்குப் பெருமையாக இருக்கும். எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். டிரைக்கோமோனோசிஸ் என்ற தொற்று 2005 முதல் கிரீன்ஃபின்ச் பறவைகளிடையே பரவி, 2021-இல் அந்த இனம், அருகிவரும் பறவைகளைக் குறிக்கும் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேரும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. எச்சில் பட்ட தீனியும் தண்ணீரும்தான் அதற்கு வழி. இதனால்தான் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 2025-இல் தட்டையான தீனி மேசைகளை விற்பதை நிறுத்திவைத்தது. தொங்கும் குழாய்களை வாரம் ஒரு முறையாவது கழுவிக் காயவைத்து, இடத்தை மாற்றி மாட்டுங்கள். தரையில் போடுவது அன்றைக்கே தீரும் அளவாக இருக்கட்டும். மிஞ்சியதை மாலையில் பெருக்கிவிடுங்கள்.

குளிருக்கு இறகை உப்பவைத்து உட்காரும் பறவை நோயாளி அல்ல. பாவம் என்று பிடித்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஆனால் உப்பியபடியே சோர்ந்து, விழுங்கத் திணறி, அலகோரம் நனைந்து, கிட்டப் போனாலும் பறக்காமல் இருந்தால் அது நோய். அப்போது பனி பெய்தாலும் தீனி வைப்பதை இரண்டு வாரமாவது நிறுத்த வேண்டும். மனம் ஒப்பாது, ஆனாலும் கூட்டத்தைக் கலைக்க வேறு வழி இல்லை.

பனி நின்ற பிறகு

கொஞ்சம் உருகிய பனி அன்று இரவே மறுபடி உறையும்போது, ஒவ்வொரு கிளையின் மேலும் கண்ணாடி போல ஒரு படலம் மூடிக்கொள்ளும். பட்டையிடுக்கில் பூச்சி தேடும் ட்ரீகிரீப்பர், கோல்டுகிரெஸ்ட், நீளவால் டிட் ஆகியவற்றுக்குப் பொழியும் பனியைவிட இது மோசம். இவற்றில் பல விதைக் குழாயைத் தேடி வருவதும் அபூர்வம். கெட்டிக் கொழுப்பையோ துருவிய காரமற்ற சீஸையோ மரப்பட்டையின் வெடிப்புகளில் தேய்த்து வையுங்கள். ரென்னுக்குப் புதரடியில் கொஞ்சம் சீஸ் தூவலாம். தரை தெரிய ஆரம்பித்ததும் தீனியைச் சட்டென்று நிறுத்துபவர்கள் அதிகம். பிப்ரவரி, மார்ச்சில் புதர்களில் பழம் அநேகமாகத் தீர்ந்திருக்கும், பூச்சிகள் இன்னும் வந்திருக்காது. இன்னும் சில வாரத்துக்கு வைத்துவிட்டு, அளவைப் படிப்படியாகக் குறையுங்கள்.