ஆகஸ்டில் சென்னை வருகிறீர்களா? மனசில் இருக்கும் வரைபடத்தை நம்பாதீர்கள்

வருடா வருடம் ஆகஸ்ட் 22 நெருங்கினால் சென்னையில் ஒரு சண்டை களைகட்டும். 1639இல் அந்த நாளில்தான் தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரத்தில் கொஞ்சம் நிலம் கொடுத்தார், அதுவே நகரத்தின் பிறந்தநாள் என்பது ஒரு கட்சி. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் திருவொற்றியூரும் அதற்குப் பல நூறு வருடம் முன்பே இருந்த ஊர்கள், அவற்றுக்கு யார் பிறந்தநாள் கொண்டாடுவது என்பது எதிர்க்கட்சி. போதாததற்கு, ஆவணத்தின் தேதி ஜூலையா ஆகஸ்ட்டா என்பதிலேயே தகராறு உண்டு. எனக்கு இரண்டு கட்சியும் சம்மதம். 2004இல் சிலர் ஆரம்பித்த இந்த மெட்ராஸ் தினத்தால் ஆகஸ்ட் மாதம் முழுக்க மரபு நடைகளும் பேச்சுகளும் பழைய படக் கண்காட்சிகளும் கிடைக்கின்றன. வெளிநாட்டில் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் விமானம் ஏறிப் போனபோது இருந்த ஊரை மனசில் வைத்துக்கொண்டு வராதீர்கள். 2039இல் நானூறு வயது ஆகப்போகிற ஊர், இப்போதே வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறது.

என் மச்சான் கதையைக் கேளுங்கள். நியூஜெர்சியிலிருந்து பதினோரு வருடம் கழித்து வந்தான். திருநெல்வேலிக்கு இரவுப் பேருந்து. நான்கு பெட்டிகளோடு ஆட்டோவில் ஏறி, பழைய பழக்கத்தில் "கோயம்பேடு" என்றிருக்கிறான். போய் இறங்கிய பிறகுதான் டிக்கெட்டில் புறப்படும் இடத்தைப் பார்த்தான்: கிளாம்பாக்கம். அங்கே போய்ச் சேர்வதற்குள் பேருந்து செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்துதான் இப்போது திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கம் போகும் பேருந்துகள் கிளம்புகின்றன. வண்டலூர் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. இதில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. விமான நிலையமும் அதே சாலையில்தான். நேராகச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம், தெற்கே திரும்பினால் போதும். ரயிலில் போவதானாலும் டிக்கெட்டில் எழும்பூர் போட்டிருக்கிறதா தாம்பரம் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயில் நேராக சென்ட்ரலுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போகிறது. ஆனால் நள்ளிரவுக்கு மேல் ஓடாது, உங்கள் விமானமோ பெரும்பாலும் அப்போதுதான் வந்து இறங்கும். அந்த நேரத்துக்கு வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதே நிம்மதி. அப்புறம் ஒரு சிம் கார்டு. இந்திய எண் இல்லாவிட்டால் பாதிச் செயலிகளில் ஓடிபி வராமல் விழித்துக்கொண்டு நிற்பீர்கள்.

தங்கும் இடம் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். மயிலாப்பூர் லஸ், தி.நகர் பனகல் பூங்கா, பழைய மகாபலிபுரம் சாலை என்று நீங்கள் ஆசையாகப் போக நினைக்கும் இடங்களைத்தான் தோண்டியிருக்கிறார்கள். வேலை முடிந்த இடமும் உண்டு, முடியாத இடமும் உண்டு. அறை பதிவு செய்வதற்கு முன்னால் அந்தத் தெருவில் இருக்கும் யாரையாவது கேளுங்கள். இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், எழும்பூர் மாதிரி இடத்தில் தங்கிவிடுங்கள். பத்து நிமிடத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பக்கம் இருப்பீர்கள்.

கோட்டையைக் காலையில் பாருங்கள். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உள்ளேயே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை அவசியம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கிருந்து நிதானமாகப் பாரிமுனைக்கு வாருங்கள். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில், 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியதற்கு ஒரு கல்வெட்டு உண்டு. "அவன் சரியான எம்டன்" என்று உங்கள் தாத்தா யாரையாவது சொல்லியிருந்தால், அந்த வார்த்தை வந்த வழி அதுதான். பிள்ளைகளை நிறுத்திக் காட்டுங்கள்.

நீதிமன்றம் நிற்கும் இடத்தில்தான் முன்பு சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனிக்காரர்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டி இடித்துவிட்டு, வேறு இடம் கொடுத்தார்கள். இன்று பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் சென்னமல்லீஸ்வரர் கோயிலோடு ஒட்டி நிற்கிறது. ஊர்க்காரர்களுக்குப் 'பட்டணம் கோயில்'. அங்கிருந்து அர்மேனியன் தெருவுக்கு வந்தால் 1772ஆம் வருடத்து அர்மேனியர் தேவாலயம். சத்தமான தெருவில் ஒரு மரக்கதவு, உள்ளே நுழைந்தால் நிசப்தம். அர்மேனியர்கள் போய்விட்டார்கள். தெருவின் பெயரைத் தமிழ்க் காது 'அரண்மனைக்காரன் தெரு' என்று மாற்றி வைத்துக்கொண்டது. அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜாரின் பின்பக்கம் அத்தோ கடைகளுக்குப் போங்கள். 1960களில் பர்மாவிலிருந்து கையில் இருந்ததை விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. கடைக்காரர் நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த பூண்டு எல்லாம் சேர்த்து, தட்டையை நொறுக்கிப்போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார். கூடவே வாழைத்தண்டு சூப். வயிறு பழக வேண்டியவர்கள் சூப்போடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் தாயகம் திரும்பியவர்களின் ஊர் இது என்பதை எந்தக் கண்காட்சியையும் விட அந்தத் தள்ளுவண்டி எனக்கு நன்றாகச் சொல்லியிருக்கிறது.

சரி, கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். வந்த மூன்றாம் நாள், ஏதாவது ஒரு விருந்துச் சாப்பாட்டில், சொந்தக்காரர் ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார். "பரந்தூரில் ஏர்போர்ட் வருது, பக்கத்திலேயே பிளாட் இருக்கு, இப்பவே போட்டாதான் உண்டு." சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022இல் அரசு ஆணை போட்டது. அதனால் அரக்கோணம் வரை எல்லா வயலும் விளம்பரத்தில் 'சென்னை' ஆகிவிட்டது. காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரிலோ, நிலம் கொடுக்க மாட்டோம் என்று ஏகனாபுரம் கிராமத்து மக்கள் 2022இலிருந்தே போராடினார்கள். அதை எந்த விளம்பரமும் சொல்லாது.

அங்கேயே தலையாட்டி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. வீட்டுமனை வாங்கலாம். ஓசிஐ அட்டை இல்லாமல் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவை. "உங்க பேர்ல வேண்டாம், என் பேர்ல வாங்கிப் போடலாம்" என்று யாராவது சொன்னால் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். சர்வே எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் பட்டாவையும் வில்லங்கத்தையும் அரசின் இணையதளங்களிலேயே பார்த்துவிடலாம். மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா, பழைய பதிவேட்டில் அது ஏரி, வாய்க்கால் புறம்போக்காக இருந்ததா என்பதை ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். 2015இலும் 2023இலும் தண்ணீர் எந்தெந்த இடங்களில் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஆகஸ்டில் காய்ந்து கிடக்கும் மனையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐப்பசியில், மூன்று நாள் விடாமல் பெய்த மறுநாள், அதே சொந்தக்காரரை அங்கே நிற்கச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள்.